எத்தனை அடி தள்ளி நிற்கப்போகிறாய்?

மருமகன் தன் போனை என் பக்கமாகத் திருப்பி வைத்தான். வாய்ப்பன் தட்டுக்கும் பிளேன்ரீக் கோப்பைக்கும் நடுவில் மூன்று கமராக்கள் மினுங்கின. கனடாவில் இருக்கிற அவனுடைய பெரியப்பா மார்கழியில் வருகிறார். "உனக்கு ஒரு கமரா கொண்டுவாறன், எதெண்டு பாத்துச் சொல்லு" என்றுவிட்டார். சோதனை எழுதிவிட்டு மறுமொழிக்குக் காத்திருக்கும் பெடியனுக்கு அதற்குப்பிறகு நித்திரை வருமா?

"மாமா, உதிலை எது திறம்?"

அச்சுவேலிச் சந்தியில் காலைச் சந்தை கலைகிற நேரம். மரக்கறி விற்று முடித்தவர்கள் வெறும் கூடைகளோடு தேத்தண்ணிக்கு வந்து இருந்தார்கள். நான் இளவயதில் ஒரு ஸ்ரூடியோவில் இருட்டறை வேலை பழகியவன். பிறகு வேறு தொழிலுக்குப் போய்விட்டேன். ஆனாலும் சொந்தத்துக்குள் யார் கமரா வாங்கினாலும் கேள்வி என்னிடம்தான் வரும்.

"என்னத்தைப் படமெடுக்கப்போறாய்?"

"எல்லாத்தையும்தான்."

எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். பனங்கட்டியில் ஒரு கடி கடித்து ஒரு முடறு குடித்தேன். "அப்ப ரெண்டு கேள்வி கேக்கிறன். எடுக்கிற ஆளுக்கு எத்தினை அடி தள்ளி நிக்கப்போறாய்? அந்த இடத்திலை வெளிச்சம் எவ்வளவு இருக்கும்?"

அவன் போனைப் பார்த்தான். மூன்று கமராக்களின் விவரத்திலும் இந்த இரண்டும் எழுதப்பட்டிருக்கவில்லை. பெரிய எழுத்தில் இருந்தது மெகாபிக்சல்.

சரி, அதையே முதலில் பார்த்து முடித்துவிடுவோம். 24 மெகாபிக்சல் என்றால் படத்தின் நீளத்தில் 6000 புள்ளி, அகலத்தில் 4000 புள்ளி. பெருக்கினால் 24 மில்லியன். நல்ல பிரின்ற் ஒன்றுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். 8க்கு 12 அங்குலத்தில் படம் கழுவ வேண்டுமென்றால் 2400க்கு 3600. அதாவது 9 மெகாபிக்சல்கூட வேண்டாம். கலியாண அல்பத்தில் ஒரு முழுப்பக்கத்துக்கு, 12க்கு 18 என்று வைத்தாலும், 20க்குள் முடிந்துவிடும். வட்சப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தை ஏறக்குறைய 2 மெகாபிக்சலுக்குச் சுருக்கித்தான் அனுப்புகிறது. பிறகு 24க்கும் 32க்கும் ஏன் சண்டை? கடந்த பத்து வருடத்துக்குள் வந்த எந்த நல்ல கமராவிலும் தேவையான புள்ளிகள் உண்டு. அந்த எண்ணை மறந்துவிடலாம்.

இந்த எண் எங்கிருந்து தொடங்கியது என்று சொன்னால் பெடியன் சிரிப்பான் என்று தெரியும், சொன்னேன். 1975இல் அமெரிக்காவில் கொடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியியலாளர் செய்த முதல் டிஜிற்றல் கமராவில் இருந்தது 0.01 மெகாபிக்சல். நூறுக்கு நூறு புள்ளி. மூன்றரைக் கிலோவுக்கு மேல் பாரம். ஒரு படத்தைக் கசற் நாடாவில் பதிய 23 செக்கன் எடுத்தது. பிலிம் விற்றுப் பிழைத்த நிறுவனத்துக்குள்ளேயே பிலிமுக்கு எமன் பிறந்த கதை அது.

"இப்ப வெளிச்சத்துக்கு வா" என்றேன்.

வெங்காயத் தோட்டத்தில் தண்ணி மாறியவனுக்கு இது ஐந்து நிமிடப் பாடம். கமராவுக்குள் இருக்கிற சென்சர் ஒரு பாத்தி. வெளிச்சம்தான் தண்ணி. லென்ஸின் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது, வாய்க்காலிலிருந்து பாத்திக்கு நீ வெட்டிவிடுகிற வாயின் அகலம். அதை அப்பச்சர் என்பார்கள். எவ்வளவு நேரம் திறந்து வைத்திருக்கிறாய் என்பது ஷட்டர். அகலமாய் வெட்டினால் கெதியில் நிரம்பும். ஒடுக்கமாய் வெட்டினால் நேரமெடுக்கும்.

நேரமெடுத்தால் என்ன என்று கேட்கலாம். தோட்டத்தில் ஒன்றுமில்லை. படத்தில் அதற்குள் ஆள் அசைந்துவிடும். ஆட்கள் கதைத்துக்கொண்டு இருக்கும் இடத்தில் செக்கனில் 125இல் ஒரு பங்குக்குள் ஷட்டர் மூடினால்தான் முகம் தெளிவாய் வரும். காவடி ஆடுகிறவரை எடுக்க 500இல் ஒரு பங்கு வேண்டும். அவ்வளவு குறுகிய நேரத்துக்குள் பாத்தி நிரம்ப வேண்டுமென்றால் வாய் அகலமாக இருக்க வேண்டும், அல்லது வாய்க்காலில் வெள்ளம் ஓட வேண்டும்.

எங்கள் கண் இந்த விடயத்தில் நம்மை நன்றாக ஏமாற்றும். உச்சி வெயிலில் வெளியே வெளிச்சம் 100,000 லக்ஸ் அளவில் இருக்கும். ட்யூப்லைட் எரிகிற ஓர் அறைக்குள் 100, 200 இருந்தாலே பெரிய காரியம். கண் சமாளித்துக்கொள்வதால் வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. கமராவுக்கு அது நிறைகிணற்றுக்கும் சிரட்டைக்கும் உள்ள வித்தியாசம். முற்றத்தில் எடுத்தால் கண்ணைப் பறிக்கும் படம், சாமியறையில் எடுத்தால் புள்ளி புள்ளியாய்ச் சொரசொரத்துப் போவது இதனால்தான்.

அந்தச் சொரசொரப்புக்குக் காரணம் ஐஎஸ்ஓ என்று எல்லோரும் அதைத் திட்டுவார்கள். அது பாவம். கோயில் லவுட்ஸ்பீக்கரில் ஐயரின் குரல் மெல்லியதாக வந்தால் சவுண்ட்காரர் திருகியைக் கூட்டுவார். குரலோடு சேர்ந்து இரைச்சலும் கூடும். ஐஎஸ்ஓ அந்தத் திருகிதான். அது வெளிச்சத்தைக் கொண்டுவராது, வந்ததைப் பெருப்பிக்கும். குறைவாக வந்ததைப் பெருப்பித்தால் இரைச்சல்தான் முன்னுக்கு நிற்கும்.

ஆக, பெரிய பாத்தி வேண்டும், அகன்ற வாய் வேண்டும். காசு போகவேண்டிய இடங்கள் இவை.

பாத்தியின் கணக்கு இது. பழைய பிலிம் அளவிலேயே செய்த முழுச் சென்சர் 36க்கு 24 மில்லிமீற்றர். தொழில்காரர்களின் கமராக்களில் அதிகம் இருப்பது அது. விலையும் பாரமும் தலைக்கு மேல். தொடங்குகிறவர்களுக்கான கெனன் கமராக்களில் இருப்பது ஏபிஎஸ்-சி என்கிற அளவு, 22.3க்கு 14.9. சின்னப் பொக்கற் கமராக்கள் பலவற்றில் இருந்தது 6.2க்கு 4.6. பரப்பைக் கணக்குப் பார், ஏபிஎஸ்-சி அதைவிடப் பன்னிரண்டு மடங்குக்கு அருகில். போன்களின் சென்சர் இப்போது வளர்ந்துகொண்டு வருகிறது, ஆனாலும் ஏபிஎஸ்-சிக்குக் கிட்ட வரவில்லை. போன் அந்தக் குறையைக் கணக்குப்போட்டுத் தீர்க்கிறது. பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாய்ச் சேர்த்து இரைச்சலைத் துடைக்கிறது. அசையாமல் நிற்கிற கோபுரத்துக்கு அது அபாரமாய் வேலை செய்யும். ஓடித் திரிகிற குழந்தைக்குச் சில வேளை மூன்று கை வந்துவிடும்.

"அப்ப ஏபிஎஸ்-சி காணுமா மாமா?"

"தாராளம்."

பெடியன் காட்டிய மூன்றில் ஒன்று தூரத்துக் காக்கையைக்கூடக் கிட்டக் காட்டும் நீட்டு லென்ஸ்காரன். 2018இல் வந்த நிக்கொன் பி1000. 125 மடங்கு சூம். சந்திரனின் பள்ளங்களை விறாந்தையில் நின்று எடுக்கலாம். அதில்தான் அவனுக்குக் கண். ஆனால் அதன் உள்ளே இருப்பது அந்த 6.2க்கு 4.6 சின்னப் பாத்திதான். அவ்வளவு தூரம் நீட்டினால் வாயும் ஒடுங்கிவிடும். பகல் வெயிலில் அது ஒரு வித்தைக்காரன். விளக்கு வைத்த பிறகு அதற்கு வேலை இல்லை.

இது தரமில்லாத சாமான் என்று நான் சொல்லவில்லை. வல்லை வெளியில் நிற்கிற பறவைகளை எடுப்பதுதான் ஆசை என்றால் அதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். மாரி தொடங்கி உவர்நீர் பரந்து நிற்கையில் நாரைகளும் கூழைக்கடாக்களும் தெருவிலிருந்து ஐம்பது, நூறு மீற்றர் தள்ளித்தான் நிற்கும்; கிட்டப் போனால் எழும்பிவிடும். ஒரு மீற்றர் உயரமான செங்கால் நாரை ஐம்பது மீற்றர் தள்ளி நிற்கிறது என்று வை. சாதாரண போனின் லென்ஸால் எடுத்தால் அது படத்தின் உயரத்தில் ஏறக்குறைய 46இல் ஒரு பங்கு. ஒரு வெள்ளைப் புள்ளி, எறும்பு முட்டை மாதிரி. ஏபிஎஸ்-சி கமராவில் 300 மில்லிமீற்றர் லென்ஸ் போட்டால் அதே நாரை படத்தின் ஐந்தில் இரண்டு பங்கு உயரத்துக்கு நிற்கும். கண் தெரியும், அலகு தெரியும். அந்த மாதிரி ஆசைக்கு நீட்டு லென்ஸ் இல்லாமல் வேறு வழி கிடையாது. அங்கே வெளிச்சத்துக்கும் பஞ்சமில்லை.

தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியின் ஆவணித் திருவிழா வேறு கணக்கு. இரவு, சனம், தீவட்டி, ட்யூப்லைட், சோடனை விளக்கு எல்லாம் கலந்த வெளிச்சம். நீ நிற்பது சனத்துக்குள், பதினைந்து இருபது அடி தூரத்தில். 125 மடங்கு சூம் அங்கே எதற்கு? (கோயிலுக்குள் எடுக்கலாமா என்பது முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய விடயம். நல்லூரில் உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். மேலங்கியைக் கழற்றிவிட்டுக் கமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய் நின்று பேச்சு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.)

இனி லென்ஸ். இந்தப் பகுதியை விளக்க இன்னொரு பிளேன்ரீ சொல்ல வேண்டியிருந்தது.

கமராவோடு பெட்டிக்குள் வருகிற லென்ஸைக் கிற் லென்ஸ் என்பார்கள். பெரும்பாலும் 18இலிருந்து 55 மில்லிமீற்றர் வரை போகும். அதன் மேலே 3.5–5.6 என்று எழுதியிருக்கும். வாயின் அகலம் அதுதான். எண் கூடினால் வாய் ஒடுங்கும், எண் குறைந்தால் வாய் அகலும். தலைகீழாய் இருப்பதால் தொடங்குகிறவர்கள் எல்லோரும் இதில் தடக்குப்படுவார்கள். உண்மையில் அது ஒரு பிரித்தல் கணக்கு. 50 மில்லிமீற்றர் லென்ஸில் 1.8 என்றால் 50ஐ 1.8ஆல் பிரி, 28 மில்லிமீற்றர் அகலமான வாய். அதையே 5.6ஆல் பிரித்தால் 9 மில்லிமீற்றர், சின்னி விரல் அகலம்கூட இல்லை. பரப்பாகப் பார்த்தால் முன்னது பின்னதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் விடும்.

பத்து மடங்கு. ஆயிரக்கணக்கான டொலர் கூடக் கொடுத்துப் பெரிய சென்சர் வாங்கினாலும் இவ்வளவு பாய்ச்சல் கிடைக்காது. இந்த 50 மில்லிமீற்றர் 1.8 லென்ஸைக் கெனன் 2015இல் புதுப்பித்து விட்டபோது அமெரிக்காவில் அதன் விலை 125 டொலர் அளவில்தான் இருந்தது. கமரா வாங்கித் தருகிற பெரியப்பாமார் ஒருவருக்கும் இது நினைவுக்கு வராது. லென்ஸ் சின்னது, பிளாஸ்ரிக், சூம் இல்லை. பரிசாகக் கொடுக்க எடுப்பாய் இருக்காதுதானே.

ஆனால் இங்கேதான் முதல் கேள்வி திரும்பி வருகிறது. எத்தனை அடி தள்ளி?

ஏபிஎஸ்-சி கமராவில் 50 மில்லிமீற்றர் போட்டு நிமிர்த்திப் பிடித்தால், ஓர் ஆளைத் தலையிலிருந்து கால் வரை எடுக்க நீ பதினைந்து அடி பின்னால் போக வேண்டும். எங்கள் வீட்டு ஹோலின் அகலம் எத்தனை அடி? சாமத்தியவீட்டுக்குப் பிள்ளையை இருத்தி, பக்கத்தில் மாமிமார் தட்டோடு நிற்க, நீ பின்னுக்குப் போய்ப் போய்ச் சுவரில் முட்டி நிற்பாய். படத்தில் அரைவாசி ஆட்கள்தான் வருவார்கள். அதற்கு 35 மில்லிமீற்றர் நல்லது. பத்து அடியில் முழு ஆள் வரும். நிக்கொன்காரருக்கு 2009இலிருந்து 35 மில்லிமீற்றர் 1.8 என்று ஓர் அருமையான லென்ஸ் இருக்கிறது. பழையது வாங்கினால் விலை மலிவு. முழுக் குடும்பத்தையும் நிரையாய் நிறுத்தி எடுக்கும்போது கிற் லென்ஸை 18க்குத் திருப்பினால் போதும், அது அதற்கென்றே இருக்கிறது. வெளிச்சம் போதாவிட்டால் எல்லோரையும் விறாந்தைக்குக் கூட்டிவா.

விறாந்தையைப் பற்றி ஒரு சொல். எங்கள் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் படப்பிடிப்பைப் பற்றி யோசித்திருக்கமாட்டார்கள். ஆனாலும் கூரை இறங்கிய விறாந்தையில், பின்னேரம் நாலு மணிக்கு, பக்கவாட்டாக வருகிற வெளிச்சத்துக்கு ஈடான ஸ்ரூடியோவை நான் எங்கும் பார்த்ததில்லை. ஆளைத் தூணடியில் இருத்து. நிழல் விழுகிற பக்கம் ஒரு றெஜிபோம் தகட்டைப் பிடிக்கச் சொல்லு. வெள்ளைத் துணி என்றாலும் சரி. பிளாஷ் வாங்க வைத்திருந்த காசு மிச்சம்.

1.8க்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. வாய் அகலத் திறந்தால் தெளிவு ஒரு மெல்லிய படையாகத்தான் இருக்கும். ஆறேழு அடியில் நின்று எடுத்தால் தெளிவாய் வருவது அரைச் சாண் ஆழம். மணவறையில் மாப்பிள்ளை முன்னுக்கும் பொம்பிளை கொஞ்சம் பின்னுக்கும் இருந்தால் ஒருவர் முகம் கூர்மையாகவும் மற்றவர் முகம் பனி மூடியது மாதிரியும் வரும். நான் ஒருமுறை அப்படி எடுத்து, பொம்பிளையின் தாயிடம் நல்லாய் வாங்கிக் கட்டினேன். இருவரை எடுக்கும்போது 4க்கு ஒடுக்கு.

"அப்ப கமரா எது? அதைச் சொல்லுங்கோவன்."

பொறுமை போய்விட்டது பெடியனுக்கு. சரி, லென்ஸ் இல்லாத வெறும் கமராவைத் தொழில்காரர் 'பொடி' என்பார்கள், அதற்கு வருவோம்.

முன்பு டிஎஸ்எல்ஆர். உள்ளே ஒரு கண்ணாடி. அது வெளிச்சத்தை மேலே திருப்பி உன் கண்ணுக்கு அனுப்பும், பொத்தானை அமத்தினால் தூக்கி வழி விடும். அந்த 'டக்' சத்தம் அதுதான். இப்போது மிரர்லெஸ். கண்ணாடியை எடுத்துவிட்டார்கள், சென்சர் பார்ப்பதை நேரே திரையில் நீயும் பார்க்கிறாய். கெனனும் நிக்கொனும் 2020க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் ஒன்றும் விடவில்லை. அதைக் கேட்டவுடனேயே டிஎஸ்எல்ஆர் செத்துவிட்டது என்று யூடியூப்காரர் பறையடிக்கிறார்கள். எனக்கு அது நல்ல செய்தி. வெளிநாட்டில் ஆட்கள் மிரர்லெஸ் வாங்கிக்கொண்டு, நல்ல நிலையில் இருக்கிற டிஎஸ்எல்ஆரை அரைவிலைக்கும் குறைவாய்த் தள்ளிவிடுகிறார்கள். படிக்கிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

மிரர்லெஸ்ஸின் பெரிய வசதி, படம் எவ்வளவு வெளிச்சமாய் வரப்போகிறது என்பதை அமத்த முன்னமே காட்டும். 2023இல் வந்த கெனன் ஆர்50 மாதிரிக் கமராக்கள் ஆளின் கண்ணைத் தாங்களே தேடிப் பிடித்துத் தெளிவாக்கும். நாங்கள் வருடக்கணக்காய்க் கை நடுங்கப் பழகிய வேலை அது. கொஞ்சம் பொறாமைதான். அதே வருடம் வந்த ஆர்100 விலை குறைவு. ஆனால் திரை தொட்டு வேலை செய்யாது, திரும்பவும் மாட்டாது. போனில் வளர்ந்த பிள்ளைக்கு அது கை கட்டினது மாதிரி இருக்கும்.

பற்றரியில் டிஎஸ்எல்ஆர் வெல்லும். மிரர்லெஸ் ஒரு சார்ஜுக்கு முன்னூறு நானூறு படம் என்றால், அது ஐந்நூறு தாண்டும். என் வயதுக்காரருக்குப் பற்றரி என்றால் மனதில் ஒரு பயம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் ரோச் பற்றரிகூடக் கிடைக்காமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் நின்றபோது அந்த ஞாபகமெல்லாம் ஒருக்கால் வந்துபோனது. இரண்டாவது பற்றரி ஒன்று கட்டாயம் வாங்கு. பெரியப்பா அதைக் கையில் கொண்டுவரும் பைக்குள் வைக்க வேண்டும். தனியாக இருக்கிற லிதியம் பற்றரியைச் சூட்கேசுக்குள் போட விமானத்தில் விடமாட்டார்கள்.

இங்கேயே கடையில் வாங்கினால் என்ன என்று கேட்பாய். வாங்கலாம், பழுதுபட்டால் போய் நிற்க ஓர் இடம் இருக்கும். ஆனால் 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டி ஏறியது. பிறகு 300 அளவில் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் 2024இலிருந்து 18 வீத வற் வரி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் கையில் கமரா வருவது ஏன் என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

அப்படி வருகிற கமராவில் சில பொறிகள் இருக்கின்றன. எழுதி வைத்துக்கொள் என்றேன், போனில் தட்டத் தொடங்கினான்.

கெனனின் எம்50, 2018இல் வந்தது. அழகான கமரா, இப்போது மலிவாய்க் கிடைக்கும். ஆனால் அந்த எம் வரிசையையே 2023இல் கெனன் நிறுத்திவிட்டது. அதற்கான லென்ஸ்கள் இனிப் புதிதாய் வராது. அதை வாங்கினால் நீ ஓடாத பாதையில் பஸ்ஸுக்கு நிற்கிறவன்.

நிக்கொன் டி3500, டி5600 இரண்டும் படிக்கத் திறமான கமராக்கள். ஆனால் பொடிக்குள் போகஸ் மோட்டர் இல்லை. பழைய 'டி' வகை லென்ஸை மலிவு என்று வாங்கிப் போட்டால் கையால்தான் போகஸ் பண்ண வேண்டும். 'ஜி' என்று எழுதி, ஏஎப்-எஸ் என்றும் இருக்கிறதா என்று பார். சோனியில், ஜப்பானுக்குள் விற்கச் செய்த கமராக்கள் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும். இணையத்தில் விலை சந்தேகத்துக்கிடமாகக் குறைவாய் இருந்தால் முதலில் அதைக் கேள்.

அடுத்தது பலருக்குத் தெரியாதது. கனடாவின் மின்சாரம் செக்கனுக்கு 60 சுற்று, எங்களுடையது 50. எங்கள் ட்யூப்லைட் செக்கனுக்கு நூறு தரம் மினுங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, வீடியோவுக்குத் தெரியும். அங்கே வாங்கிய கமரா என்டிஎஸ்சி என்ற முறையில், 30, 60 என்ற வேகங்களில் இருக்கும். அப்படியே இங்கே ஹோலுக்குள் வீடியோ எடுத்தால் கறுத்த பட்டைகள் மேலும் கீழும் ஓடும். கமரா பழுது என்று நினைத்துத் திருத்தப் போனவர்கள் இருக்கிறார்கள். மெனுவில் போய்ப் பால் (PAL) என்ற முறைக்கு மாற்றி, வேகத்தை 25க்கோ 50க்கோ வை. ஷட்டரை 50இல் அல்லது 100இல் ஒரு பங்கில் நிறுத்து. பட்டை போய்விடும். சார்ஜர் 100இலிருந்து 240 வோல்ற் வரை தாங்கும் என்று அதன் முதுகில் எழுதியிருக்கும். ஆனால் தட்டைப் பின்னுக்கு ஓர் அடப்ரர் வேண்டும். பெரியப்பா லண்டனில் இருந்திருந்தால் அதுவும் தேவைப்பட்டிராது, அந்தச் சதுரப்பின் எங்கள் புதிய சொக்கற்றில் நேரே ஏறும்.

கலியாண வீடியோ உழைப்புக்கு என்று யோசித்தால் இன்னொன்று. பழைய டிஎஸ்எல்ஆர் பல 29 நிமிடம் 59 செக்கனில் வீடியோவைத் தானாக நிறுத்திவிடும். ஐரோப்பாவில் அரைமணிக்கு மேல் பதிவதை வீடியோ கமரா என்று சொல்லிக் கூட வரி போட்டதால் வந்த வினை. ஐரோப்பாவின் வரிக்காக அச்சுவேலியில் தாலிகட்டு தவறக்கூடாது. மேளம் கெட்டிமேளமாக முன்னம் ஒருக்கால் நிறுத்தித் திரும்பத் தொடங்கு.

பழைய கமரா என்றால் ஷட்டர் எத்தனை தரம் அமத்தப்பட்டது என்று கேள். நிக்கொன் டி7200 போன்றவற்றுக்கு 150,000 தரம் வரை சோதித்திருக்கிறார்கள். கலியாண வீட்டுக்காரர் ஒரு நாளிலேயே இரண்டாயிரம் அமத்துவார். வீட்டுப் பாவனைக்காரர் இரண்டு வருடத்தில்கூட அவ்வளவு எடுத்திருக்கமாட்டார். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பார். சிலந்திவலை மாதிரி வெள்ளை இழை தெரிந்தால் அது பூஞ்சணம். வாங்காதே.

பூஞ்சணம் என்றதும் எனக்கு என் பழைய லென்ஸ் நினைவுக்கு வந்துவிட்டது. ஒரு மாரி முழுக்க அதைத் தோல்பைக்குள் போட்டு அலுமாரிக்குள் பத்திரமாய்ப் பூட்டி வைத்தேன். அந்தப் பத்திரம்தான் பிழை. தை மாதம் எடுத்துப் பார்த்தால் உள்ளே வேர் விட்டிருக்கிறது. இறுக்கமாய் மூடுகிற பிளாஸ்ரிக் பெட்டியும் நாலைந்து சிலிக்கா ஜெல் பொதியும் போட்டிருந்தால் தப்பியிருக்கும். அரிசிப் பானைக்குள் புதைக்கச் சொல்லுவார்கள். அரிசித் தூசு லென்ஸுக்குள் போகும், சோற்றுக்கும் நட்டம். தொண்டைமானாற்றுக் கடற்காற்றிலும் எங்கள் செம்மண் புழுதியிலும் லென்ஸ் கழற்றி மாற்றாதே. மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, கமராவின் வாய் கீழே பார்க்க மாற்று.

மூன்றாவது பிளேன்ரீ வந்துவிட்டது. கடைக்காரர் எங்கள் மேசையை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"இப்ப உன்ரை போனைத் திற" என்றேன். "கமரா விளம்பரத்தை இல்லை. நீ எடுத்த படங்களை."

கடைசி நூறு படத்தை ஒவ்வொன்றாய்த் தள்ளச் சொன்னேன். தள்ளிக்கொண்டு போனான். குசினிக்குள் அம்மம்மா தேங்காய் துருவுகிறா. தங்கச்சி படிக்கிறாள். தங்கச்சி படிக்காமல் நித்திரை கொள்கிறாள். நாய். பக்கத்து வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள். மீண்டும் அம்மம்மா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேப்பர் வாசிக்கிறா. படத்தை எடுத்த நேரத்தைப் பார்க்கச் சொன்னேன். முக்கால்வாசி பின்னேரம் ஆறரைக்குப் பிறகு.

"பறவை எத்தினை?"

"ரெண்டு. ஒண்டு காகம்."

"சந்திரன்?"

"ஒண்டு. வெள்ளைப் பொட்டு."

"மற்றதெல்லாம் எத்தினை அடியிலை நிண்டு எடுத்தது?"

அவன் தன் கையை மேசைக்கு மேல் நீட்டி, கதிரையிலிருந்து அடுப்படி வரை மனதுக்குள் அளந்தான். "ஆறு அடி இருக்கும். ஏழு."

பிறகு போனைக் காதருகே கொண்டுபோய் வொய்ஸ் மெசேஜ் போட்டான். "பெரியப்பா, அந்தப் பெரிய சூம் கமரா வேண்டாம். பழைய டி5600 ஒண்டு, ஆரும் பாவிச்சது எண்டாலும் பரவாயில்லை. ஆனா 35 மில்லிமீற்றர் 1.8 லென்ஸ் ஒண்டு கட்டாயம் வேணும். ஜி எண்டு எழுதியிருக்கோணும். மற்றது... ரெண்டாவது பற்றரியைச் சூட்கேசுக்குள்ளை வையாதேங்கோ."

ரொறன்ரோவில் அப்போது நடுச்சாமம் தாண்டியிருக்கும். ஆனாலும் ஐந்து நிமிடத்துக்குள் பதில் வந்தது.

"அது சின்னனாய் எல்லே இருக்கு. உனக்குக் காணுமே?"